மழைக்கு வேர்க்கும் கல்

ஏப்ரல் 22, திங்கள்

பரீட்சைத் தாள்களைக் கட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது தலைமையாசிரியை இந்திராணி கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறதாம். ஜூன் 3, பள்ளி திறக்கும் நாளில் கல்வி அலுவலர் வருகிறார். அதற்குள் பழைய தையல் அறையைப் பாறைக் காட்சி அறையாக மாற்ற வேண்டும். நம்மிடம்தான் அலமாரி நிறையக் கற்கள் கிடக்கின்றனவே, இதை யாரிடம் கொடுக்கலாம் என்று என்னையே கேட்டார். புவியியல் ஆசிரியை ஒருத்தியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? இருபது நாளில் முடித்துத் தருகிறேன் என்றேன். ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் வேதநாயகி என்றார். தேவைப்படாது என்றேன்.

இதோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வக உதவியாளர் பாவாயி மே 31-ம் தேதி ஓய்வு பெறுகிறாள். தன் பொறுப்பில் இருப்பதையெல்லாம் பட்டியல்படி ஒப்படைத்தால்தான் அவளுக்கு விடுவிப்பு ஆணை. குழாய்கள், குடுவைகள், தராசுகள் எல்லாம் முடிந்துவிட்டன. கற்கள்தான் பாக்கி. முப்பத்தொரு வருட சர்வீஸில் தன் பணிப்பதிவேட்டில் ஒரு மெமோகூட ஏறியதில்லை என்று பாவாயி ஆண்டுக்கு நாலு முறையாவது எல்லோரிடமும் சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும், பெருமைப்பட அவளுக்கும் ஏதாவது வேண்டுமே.

ஏப்ரல் 23, செவ்வாய்

அலமாரியைத் திறந்தோம். எட்டுத் தட்டுகள். இருப்புப் பதிவேட்டின்படி 146 கற்கள். எண்ணிப் பார்க்கலாமா என்று பாவாயி கேட்டாள். எதற்கு? பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மார்ச்சிலும் ‘சரிபார்த்தேன், 146 உள்ளன’ என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருப்பவள் நான். நேரம் பொன்னானது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கே இருந்த ஜெபமணி டீச்சர் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த கற்கள் இவை. அந்தம்மாவை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கல்லின் அடியிலும் வெள்ளை எனாமல் பூசி, அதன்மேல் கறுப்பில் எண் எழுதியிருக்கிறார். நேர்த்தியான வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பார்த்தவுடனே எனக்கு ஒன்று புலப்பட்டது. முக்கால்வாசிக் கற்களில் செம்பழுப்புப் புள்ளிகள். இரும்புத்தாது கலந்தவை என்று தனிப் பட்டியல் போட ஆரம்பித்தேன். நாற்பத்தொன்று வரை எழுதியிருப்பேன். பாவாயி பக்கத்தில் நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அது குங்குமமுங்க டீச்சர், ஆயுத பூஜைக்கு நான் வெக்கறது” என்றாள். முப்பத்தொரு ஆயுத பூஜை. ஒரு கல் விடாமல் சந்தனம், அதன்மேல் குங்குமம். பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே துணியில் சுற்றிய கட்டி ஒன்று, தேங்காய் அளவு. இது ஏன் தனியாக என்று கேட்டதற்கு, “அது மழைக்கு வேர்க்குமுங்க டீச்சர். வேர்க்க வேர்க்கத் தொடச்சு வெப்பேன். தண்ணி படக் கூடாதுன்னு ஜெபமணி டீச்சர் சொல்லியிருக்காங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல் வேர்க்குமா? மனிதர்களுக்கே இந்த வெயிலில் வேர்த்து முடியவில்லை. சந்தனமும் தூசியும் அப்பிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. குவார்ட்ஸ் என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிட்டேன். நான்காம் தட்டில் பதினேழு கற்கள்தான் இருந்தன, அங்கே வைத்தேன்.

ஏப்ரல் 24, புதன்

சந்தனப் பூச்சுப் போனால்தான் நிறம் தெரியும், நிறம் தெரிந்தால்தான் வகை பிரிக்க முடியும். ஆகவே இன்று ஊறவைத்தல். சத்துணவுக் கூடத்திலிருந்து எட்டுப் பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கினோம், தட்டுக்கு ஒன்று. சோப்புத் தூள் போடலாமா என்று பாவாயி கேட்டாள். கூடவே கூடாது என்றேன். கற்களைக் கையாள்வதற்கு முறை இருக்கிறது. வெறும் தண்ணீர் எதையும் கெடுக்காது.

நான்காம் தொட்டி அருகே பாவாயி தயங்கி நின்றாள். என்ன என்றேன். ஒன்றுமில்லைங்க என்று தண்ணீரை ஊற்றினாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு தயக்கம். ஒரு ராத்திரி ஊறட்டும்.

ஏப்ரல் 25, வியாழன்

காலை முழுவதும் தேய்ப்பு. நான் ஐந்து தொட்டிகளைப் பார்த்துக்கொண்டேன், பாவாயி மூன்று. மூன்றாம் தொட்டியை அலசி முடித்ததும் கரண்ட் போய் மோட்டார் ஓடவில்லை. நான்காம் தொட்டிக் கற்களை அலசாமலே முற்றத்தில் வெயிலில் பரப்பச் சொன்னேன், மற்றவற்றைச் சாயங்காலம் அலசினோம். தொட்டித் தண்ணீரை வீணாக்காமல் எட்டுக் கறிவேப்பிலைக் கன்றுகளுக்கும் ஆளுக்கொரு தொட்டியாக ஊற்றச் சொன்னேன். கன்றுகள் பாவாயி வைத்தவை.

நடுவில் பாவாயி ஓடி வந்து, “டீச்சர், அந்த நாலாவது தொட்டியில…” என்று ஆரம்பித்தாள். அதே நேரம் ஹெச்.எம். அறையிலிருந்து போன். அப்புறம் சொல் என்று போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை. மறந்துபோகிற விஷயமாகத்தான் இருந்திருக்கும்.

காவலாளியின் ஆடு முற்றத்தில் புகுந்து 58-ம் எண் கல்லை நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

ஆடு மறுபடியும். இன்று 58, 60, 66. மற்ற ஏழு வரிசையையும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டுக்கு என்ன ருசியோ.

ஏப்ரல் 29, திங்கள்

இன்றுதான் உண்மையான வேலை. தையல் மேசைகள் மூன்றைச் சேர்த்துப் போட்டு, சாக்பீஸால் கோடு கிழித்தேன். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. நகம், செப்புக்காசு, கத்தி என்று மூன்றாலும் கீறி எவ்வளவு கடினம் என்று பார்க்கிறேன். குளியலறை டைல்ஸின் பின்பக்கத்தில் உரசினால் தாதுவின் நிறம் விழுகிறது. வேதியியல் அறையிலிருந்து அமிலம் சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கிறது. கஞ்சமலை இரும்புக்கல் காந்தத்தைப் பிடித்து இழுத்தபோது பாவாயிகூட வாய்விட்டுச் சிரித்தாள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, பல்லாவரத்துக் கருங்கல், நம் சேலத்து வெள்ளைக்கல், எல்லாம் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்துக்கு வருகின்றன. ஒரே நாளில் ஐம்பத்திரண்டு. வேறு யாராவது என்றால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. நான்காம் தட்டுக் கற்கள் எல்லாவற்றிலும் மெல்லிய வெண்படலம். வெவ்வேறு ஊர்க் கற்கள், ஆனால் ஒரே படலம். உள்ளிருந்து கசிந்து வருகிற தாது என்று நினைக்கிறேன். புவியியல் ஆசிரியர்கள் கழகத்தின் இதழுக்கு இரண்டு பக்கக் கட்டுரை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

மே 3, வெள்ளி

நான்காம் தொட்டித் தண்ணீர் போன கறிவேப்பிலைக் கன்று பட்டுவிட்டது. மற்ற ஏழும் நன்றாக இருக்கின்றன. வெயில்தான் காரணம் என்று பாவாயியிடம் சொன்னேன். அவள் கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

மே 6, திங்கள்

வகை பிரித்தாகிவிட்டது. பதினைந்து நாள்தான். ஆனால் ஒரு கல் குறைகிறது.

மூன்று முறை எண்ணினேன். 145. இல்லாத எண் 71. பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருக்கிறது. பெயர் இருந்த இடத்தில் ஓட்டை. ஊர் மட்டும் தப்பித்திருக்கிறது: தூத்துக்குடி, மே 1975.

தூத்துக்குடியில் என்ன பாறை? ஐந்து நிமிடம் யோசித்தேன், விடை கிடைத்தது. பவளப்பாறை. கடலுக்குள்ளிருந்து எடுத்த வெள்ளைப் பவளக்கட்டியாகத்தான் இருக்க வேண்டும். மொத்தச் சேகரிப்பிலும் அழகான பொருள் அதுதான், ஆகவே காணாமல் போனதிலும் ஆச்சரியமில்லை. போன மார்ச்சில் 146 இருந்ததாக நான் சரிபார்த்திருக்கிறேன். அதன்பின் அலமாரிச் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருந்திருக்கிறது.

இந்த ஏப்ரல் தொடக்கத்தில் பாவாயியின் பேத்திக்குக் காதுகுத்து. போயிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மீன் தொட்டி. அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கல்.

மே 8, புதன்

ஹெச்.எம். அறையில் பேச வேண்டியதாயிற்று. நானாகக் குற்றம் சாட்டவில்லை, இருக்கிறதை இருக்கிறபடி அடுக்கினேன். சாவி யாரிடம், போன மார்ச்சில் எத்தனை, இப்போது எத்தனை. இந்திராணி மேடம் பாவாயியைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்றார். பாவாயி வாயைத் திறந்தாள். அதற்குள் நான், “உங்க வீட்டு மீன் தொட்டியில ஒரு வெள்ளைக் கல்லு பாத்தேனே” என்று சொல்லிவிட்டேன்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. “டீச்சர் சொன்னா சரிங்க” என்றாள். அவ்வளவுதான்.

கல் கிடைக்காவிட்டால் 27-ம் தேதி மெமோ கொடுத்து, அதைப் பணிப்பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் விடுவிக்க முடியும் என்று ஹெச்.எம். வருத்தத்தோடு சொன்னார். எனக்கும் வருத்தம்தான். விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மே 9, வியாழன்

பாவாயி அந்த வெள்ளைக் கல்லைத் துணிப்பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மீன் கடையில் விற்கிற பிளாஸ்டிக்.

மே 14, செவ்வாய்

பெட்டிகள் வந்துவிட்டன. மரச்சட்டம், மேலே கண்ணாடி, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கட்டம். பெயர்ச்சீட்டுகளை நானே எழுதுகிறேன். என் கையெழுத்துக்கு இந்தப் பள்ளியில் போட்டி கிடையாது. பாவாயி தினமும் எட்டரைக்கு வருகிறாள், கட்டங்களுக்குத் துணி ஒட்டுகிறாள், ஐந்து மணிக்குப் போகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பேரனைப் பற்றி, பஸ்ஸில் நடந்த சண்டையைப் பற்றி முன்பெல்லாம் தானாகச் சொல்லுவாள். அறை மிகவும் அமைதியாக இருக்கிறது. வேலைக்கு நல்லதுதான்.

71-க்கான கட்டம் காலியாக இருக்கிறது.

மே 17, வெள்ளி

இன்று விடுப்பு. கிளிமூக்கு மாங்காய் இரண்டு கிலோ வாங்கி ஊறுகாய்க்கு நறுக்கினேன். மூன்று மணிக்குத் திடீரென்று இருட்டிக்கொண்டு கோடை மழை. அரை மணி நேரம் கொட்டியது. மாடியில் காய்ந்த வற்றலை என் வீட்டுக்காரர் ஓடிப் போய் எடுத்து வந்தார், பாதி நனைந்துவிட்டது. மண்வாசனைக்காக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மாங்காய்க்குப் போடக் கல்லுப்பு ஜாடியை எடுத்தேன்.

மூடியைச் சரியாக மூடாமல் விட்டிருந்தேன் போலிருக்கிறது. உப்பு வேர்த்திருந்தது.

மே 18, சனி

தலைவலி. மாங்காய் அப்படியே கிடக்கிறது. உப்பு போடவில்லை.

மே 20, திங்கள்

உறுதியில்லாத எதையும் நான் எழுத மாட்டேன். ஆகவே இன்று பாவாயி சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தையல் அறைக் கதவைச் சாத்திவிட்டு, 58-ம் எண் கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்து நாக்கில் வைத்தேன்.

ஆடு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

தூத்துக்குடி என்றால் இந்த நாட்டில் சின்னக் குழந்தைக்கும் நினைவுக்கு வருவது உப்பளம். எனக்குப் பவளம் வந்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்பளத்தைப் படம் வரைந்து நடத்துகிறவள் நான்.

ஆனால் ஒன்று. டப்பாவைத் திறந்தபோது அவள் உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வேர்க்கும் என்றால் யாருக்குப் புரியும்? தண்ணீரை ஊற்றியதும் அவள்தான். இப்படி எழுதிப் பார்க்கிறேன். எழுதிய பிறகு படிக்க நன்றாக இல்லை.

மே 22, புதன்

யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. யாருக்கும் கஷ்டமில்லாத வழி. சாயங்காலம் சங்ககிரி சாலையோரம் வண்டியை நிறுத்தி, தேங்காய் அளவில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பொறுக்கினேன். வீட்டில் கேட்டுக்கு அடித்த எனாமல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெள்ளைப் பூச்சு, கறுப்பில் 71. ஜெபமணி டீச்சரின் ஏழு மேலே கொஞ்சம் வளைந்திருக்கும், அதையும் அப்படியே கொண்டுவந்தேன். காய்ந்ததும் தூசியில் புரட்டினேன். கச்சிதம். மெமோ கிடையாது, கேள்வி கிடையாது, அவளும் சந்தோஷமாகப் போவாள்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு என்ன இது என்றார். பள்ளிக்கூட வேலை என்றேன்.

மே 23, வியாழன்

தேர்தல் முடிவுகளைப் பார்க்க ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பள்ளியில் நானும் அவரும் மட்டும். அவர் என்று எழுதுவது பாவாயி அம்மாவை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். இத்தனை நாள் இந்த நோட்டில் எப்படி எழுதியிருக்கிறேன் என்று இன்று திரும்பப் படித்துப் பார்த்தேன்.

கல்லை மேசைமேல் வைத்து, பழைய பீரோவுக்கு அடியில் கிடந்தது, கிடைத்துவிட்டது என்றேன். குரலில் எந்தப் பிசிறும் இல்லை. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அதைத் தூக்கினார். திருப்பினார். அடியில் இருந்த எண்ணைப் பார்க்கவேயில்லை, மூலையை மட்டும் கட்டை விரலால் தடவினார். வைத்துவிட்டார்.

“இது நம்ம கல்லு இல்லைங்க டீச்சர். நம்முளுதுல ஒரு ஓரமா குழி இருக்கும். வருசா வருசம் தொடச்சுத் தொடச்சு என் விரலு பட்ட குழி.”

அதே எண் இருக்கிறதே என்றேன். இன்னும் விடவில்லை நான்.

“எண்ணு இருக்கட்டுமுங்க. இதைப் பட்டியல்ல சேத்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். மெமோ வந்தா வரட்டும். போற நேரத்துல பொய்க்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகணுமா?”

பொய்க்குக் கையெழுத்து. பத்தொன்பது மார்ச் மாதங்களாக, பச்சை மையில், ஒரு தடவைகூட அலமாரியைத் திறக்காமல் நான் போட்டது அதுதான். ஒரே ஒரு வருடம் எண்ணியிருந்தால் அந்த டப்பாவைத் திறந்திருப்பேன். ஏதாவது ஒரு மழை நாளில் அது வேர்ப்பதைப் பார்த்திருப்பேன்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “அது உப்புங்க. நான்தான் கரைச்சுட்டேன்” என்றேன்.

“தெரியுமுங்க.”

“எப்பத்திலிருந்து?”

“கரைஞ்ச காலையிலயே. கறிவேப்பிலைக்குப் பாதித் தண்ணி ஊத்துனதுக்கப்புறம் தொட்டிக்குள்ள கையை விட்டேன், கல்லைக் காணோம். தண்ணியை வாயில வெச்சுப் பாத்தேன். சொல்லத்தான் ஓடியாந்தேன்.”

அப்புறம் ஏன் சொல்லவில்லை, அத்தனை நாள் இருந்ததே, ஹெச்.எம். கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே என்றெல்லாம் கேட்டேன். கேட்கும்போதே பதிலும் தெரிந்தது.

“அன்னிக்குச் சொல்ல வாயெடுத்தேனுங்க. நீங்க மீன் தொட்டின்னீங்க. ஏழெட்டுத் தடவை எங்க வூட்டுக்கு வந்து சாப்பிட்ட டீச்சர். அதுக்கு மேல அது என் வாயில இருந்து வரக் கூடாது, வந்தா உங்க வாயில இருந்துதான் வரணும்னு இருந்துட்டேன்.”

அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன். பள்ளியில் என்னை யாரும் அழுது பார்த்ததில்லை. பாவாயி அம்மா தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை. மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை இருந்துவிட்டு, டீ வாங்கியாரட்டுங்களா என்று கேட்டார். நான் போய் வாங்கி வருகிறேன் என்றேன். கடையில் சர்க்கரை குறைவாக ஒன்று என்று சொல்லவேண்டும் என்பது நல்லவேளையாக எனக்குத் தெரிந்திருந்தது.

மே 24, வெள்ளி

காலையில் முதல் வேலையாக ஹெச்.எம். அறை. நின்றுகொண்டே சொன்னேன். கரைத்தது நான், பவளம் என்று கதை கட்டியது நான், எண்ணாமல் கையெழுத்துப் போட்டதும் நான். மெமோ எழுதுவதாக இருந்தால் என் பெயருக்கு எழுதுங்கள் என்றேன்.

இந்திராணி மேடம் வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு, பிஸ்கட் டப்பாவில் இருந்ததையா குவார்ட்ஸ் என்றீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எழுத்தில் விளக்கம் கொடுங்கள், இழப்புக்குக் காரணம் பாவாயி இல்லை என்று பதிவேட்டிலும் குறித்துவிடுங்கள் என்றார். இரண்டையும் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பச்சை மை வேண்டாம் என்று நீல மையில் எழுதினேன்.

புவியியல் ஆசிரியர்கள் கழகத்துக்கும் ஒரு கடிதம். வெண்படலம் குறித்த என் கட்டுரையைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். காரணம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்றில்லை.

மே 27, திங்கள்

நான்காம் தட்டுக் கற்களை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினோம். பட்டுப்போன கன்று இருந்த இடத்து மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டு, வேறு கன்று வைத்தேன். பேரன் சைக்கிளில் இருந்து விழுந்த கதையைப் பாவாயி அம்மா முழுவதுமாகச் சொன்னார். இரண்டு தையலாம்.

மே 31, வெள்ளி

ஒப்படைப்பு. பட்டியலைப் பாவாயி அம்மா வாசிக்க வாசிக்க ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்துப் பார்த்து வைத்தேன். காலை பத்துக்கு ஆரம்பித்து ஒன்றே காலுக்கு முடிந்தது. நூற்று நாற்பத்தைந்து. கையெழுத்துப் போட்டேன். இருபதாவது கையெழுத்து, ஆனால் முதலாவது.

71-ம் கட்டம் மட்டும் காலி. அதை எடுத்துவிட்டு மற்றவற்றைத் தள்ளி வைக்கலாமே, பார்க்க ஒழுங்காக இருக்குமே என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்போது பாவாயி அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்த காலண்டர் தாளை எடுத்தார். உள்ளே நகத்தளவில் ஒரு வெள்ளைச் சில்லு. எனாமல் தோல். அதன்மேல் கறுப்பில், ஏழு கொஞ்சம் வளைந்து, 71.

“தொட்டி அடியில ஒட்டியிருந்துதுங்க. கல்லு போச்சு, இது போகலை.”

அந்தக் காலையிலிருந்து இத்தனை நாளும் இது அவர் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. ஹெச்.எம். அறையில் நான் மீன் தொட்டியைப் பற்றிப் பேசியபோதும் இருந்திருக்கிறது. எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் அன்றைக்கே நான் தலைகுனிந்திருப்பேன்.

சில்லைக் கட்டத்தின் நடுவில் ஒட்டினோம். பெயர்ச்சீட்டை அவர் முன்னாலேயே எழுதினேன், மூன்று முறை அடித்துத் திருத்தி:

71. உப்புக்கட்டி. படிவுப் பாறை வகை. தூத்துக்குடி, மே 1975.
கொண்டுவந்தவர்: ஜெபமணி.
முப்பத்தொரு மழைக்காலம் காத்தவர்: பாவாயி.
ஒரே ராத்திரியில் கரைத்தவர்: வேதநாயகி.

பாவாயி அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். கடைசி வரி தேவையில்லைங்க டீச்சர் என்றார். தேவை என்றேன். தண்ணி ஊத்துனது நானுங்க, என் பேரையும் சேருங்க என்றார். அதற்கு இடமில்லை என்றேன். சீட்டில் நிஜமாகவே இடமில்லை.

மூன்று மணிக்கு விழா. மாலை, பொன்னாடை, ஆளுக்கு நாலு வார்த்தை. என் முறை வந்தபோது நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன், ஆடு உட்பட. சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். கைதட்டல் யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பணிப்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை ஹெச்.எம். எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். ஒரு மெமோகூட இல்லை.

கேட்டுவரை போய் வழியனுப்பினேன். மேற்கே மேகம் கட்டியிருந்தது. பாவாயி அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “இந்த வருசம் யாரும் எதையும் தொடைக்க வேண்டாமுங்க டீச்சர்” என்றார். பஸ் வரும்வரை நின்றேன்.

ஜூன் 3, திங்கள்

திறப்பு. கல்வி அலுவலர் ரிப்பன் வெட்டினார். கஞ்சமலைக் கல்லைக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்தார், அரியலூர்ச் சிப்பிக்கல்லைப் படம் எடுத்துக்கொண்டார். அடுக்கியிருக்கும் ஒழுங்கு பிரமாதம் என்றார். பிரமாதம்தான், எனக்கே தெரியும்.

நான்காம் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, 71-ம் கட்டத்தின் சீட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பின்னால் பிள்ளைகள் முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். இந்திராணி மேடம் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

“யாரு இந்த வேதநாயகி?” என்று கேட்டார் அலுவலர்.

“நான்தான் சார்” என்றேன், வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில்.